இறக்கை முறியட்டுமே!

பிள்ளை கையில் ரேடியோ கன்ட்ரோல் பெட்டியை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரையில் ஆகாய விமானம் ஓட்டுகிறானா? வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மாடல் விமானம் விடுகிறவர்கள் இந்தச் சிமுலேட்டரில் பழகிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போகிறார்கள். சற்றுப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள்.

சில சிமுலேட்டர்களில் விமானத்தின் இறக்கைக்கு எவ்வளவு பலம், சக்கரத்துக்கு எவ்வளவு பலம் என்பதை நாமே கூட்டலாம், குறைக்கலாம். பையன்கள் என்ன செய்வார்கள்? எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றி விடுவார்கள். அப்புறம் விமானம் தலைகுப்புறப் பாய்ந்தாலும், வெடுக்கென்று நிமிர்ந்தாலும், தரையில் பந்து மாதிரி எகிறினாலும் ஒரு கீறல்கூட விழாது!

நிஜ மாடல் விமானமோ பால்ஸா கட்டையாலும் நுரைப் பொருளாலும் செய்தது. நேராகப் பறக்கையில் இறக்கை சுமப்பது விமானத்தின் எடையை மட்டும்தான். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து வளைந்தால் இரண்டு மடங்கு சுமக்க வேண்டும். கீழே விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தைப்போல மூன்று மடங்கு வேகத்தில் குச்சியைச் சுண்டி இழுத்தாலோ, சுமை ஒன்பது மடங்கு வரை ஏறக்கூடும். ஒரு கிலோ விமானத்தின் மெல்லிய இறக்கையில் ஒன்பது கிலோ!

"அப்படியானால் நிஜ விமானத்தையும் பலமாகச் செய்வதுதானே?" என்பீர்கள். பலம் கூட்டினால் எடையும் கூடும். கம்ப்யூட்டரில் பலம் வெறும் எண்தான். அதற்கு எடை கிடையாது.

தரையிலேயே பறக்கப் பழகுவது புதிதல்ல. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-ல், தம் தகப்பனாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளைக் கொண்டே பயிற்சி விமானம் செய்துவிட்டார்! ஆர்கனுக்கும் ஆகாயத்துக்கும் முடிச்சுப் போட்ட மனுஷர்.

முதல் வாரம் சக்கரத்தின் பலம் அதிகமாகவே இருக்கட்டும். நிமிஷத்துக்கு ஒரு முறை நொறுங்கினால் குழந்தைக்கு அலுத்துவிடும். ஒழுங்காக இறக்கத் தெரிந்ததும் சிறிது சிறிதாகக் குறைத்துப் பழைய அளவுக்கே கொண்டு வரச் சொல்லுங்கள். எதையும் மாற்றுமுன் அசல் விமானத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. இறக்கையின் பலத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே தொடவேண்டாம். வேகத்தைக் குறைத்த பிறகே குச்சியை மெதுவாக இழுக்கும் பழக்கம் கைக்கு வரவேண்டுமே! திரையில் இறக்கை முறிந்தால் ஒரு பொத்தானை அமுக்கினால் சரியாகிவிடும். மைதானத்தில் முறிந்தால், சுழலும் புரொப்பெல்லரோடு அது யார் தலையில் போய் விழும் என்று பையனால் சொல்ல முடியாது.