எண் என்பது முகவரி

உங்கள் புளோக்கின் மின்தூக்கி அருகே ஒருவர் வந்து, "08-215 எங்கே?" என்று கேட்டால், "எட்டாவது மாடி" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டியதில்லை. எண்ணே வழி சொல்கிறது.

அதே புளோக்கைக் கட்டுவதற்கு வரைந்த தாள்களை நினைத்துப் பாருங்கள். பெரிய கட்டடம் என்றால் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றுக்கு 1, 2, 3 என வரிசையாக எண் போட்டால் போதாதா? போதாது என்பது என் கருத்து.

37ஆம் தாளுக்குப் பிறகு புதிதாக ஒரு தாளைச் செருக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ள எல்லா எண்களும் நகர வேண்டும். தொல்லை அதோடு முடிவதில்லை. வரைபடத்தாள்கள் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டே இருப்பவை. தளப்படத்தில் ஒரு சன்னலருகே சிறிய வட்டம் இருக்கும். அதன் மேற்பாதியில் 3, கீழ்ப்பாதியில் 52 என்று எழுதியிருந்தால், அந்தச் சன்னலின் விவரம் 52ஆம் தாளில் 3ஆம் படமாக இருக்கிறது என்று பொருள். 52ஆம் தாள் 53 ஆகிவிட்டால் வட்டம் பொய் சொல்லும். அப்படி எத்தனை வட்டங்கள்!

அமெரிக்காவின் தேசிய கேட் தரநிலை இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. முதலில் துறையைக் குறிக்கும் எழுத்து: கட்டடக் கலைக்கு ஏ, கட்டமைப்புக்கு எஸ், மின்சாரத்துக்கு இ, குழாய்ப் பணிக்கு பி. அடுத்த இலக்கம் படத்தின் வகை. 1 என்றால் தளப்படம், 2 வெளித்தோற்றம், 3 வெட்டுமுகம், 5 நுணுக்க விவரம். கடைசி இரண்டு இலக்கங்கள் வரிசை எண். ஏ-301 என்றதுமே கட்டடக் கலைஞரின் வெட்டுமுகம் என்று தெரிந்துவிடும். புதிய வெட்டுமுகம் வந்தால் ஏ-304 என்று தன் தொடரிலேயே உட்காரும், ஏ-501 அசையாது. கொஞ்சம் திட்டமிட்டால் ஏ-102, இ-102 இரண்டையும் ஒரே தளத்துக்கே ஒதுக்கலாம். மின்பணியாளர் தேடி அலைய வேண்டாம்.

"இப்போதெல்லாம் மென்பொருளே எண்களை மாற்றிவிடுமே" என்பீர்கள். உண்மைதான். ஒரு தாளின் எண்ணை மாற்றினால், அந்தக் கோப்பில் அதைச் சுட்டும் வட்டங்களும் தாமாகவே மாறும். ஆனால், குத்தகையாளருக்குப் போன வாரம் அனுப்பிய தாள் மாறுமா? கட்டுமானத் தளத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் தாள் மாறுமா? பழைய 52ஐயும் புதிய 52ஐயும் கையில் வைத்துக்கொண்டு இருவர் தொலைபேசியில் பேசினால், இருவருமே சரியாகப் பேசுவதாக நினைப்பார்கள். உண்மை வெளிப்படுவதற்குள் கான்கிரீட் இறுகியிருக்கும்.

அதனால்தான் வெளியே அனுப்பிய எண்ணை மாற்றக்கூடாது என்கிறேன். படம் திருத்தப்பட்டால் எண் அப்படியே இருக்கட்டும். திருத்தக் குறியும் தேதியும் மட்டும் மாறட்டும். மாறிய பகுதியைச் சுற்றி மேகம்போல ஒரு கோடு வரைவது வழக்கம். பார்த்ததும் கண் அங்கேதான் போகும். கைவிட்ட தாளின் எண்ணை வேறு தாளுக்குக் கொடுக்காமல், பட்டியலில் 'ரத்து' என்று குறித்துவிட வேண்டும்.

வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்துக்கான உங்கள் கோப்புகளைத் திறந்து பாருங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று இருக்கிறதா? குழுவில் நால்வர் இருந்தால், எந்த அளவை நம்பிப் பலகையை அறுப்பது? அடுத்த வேலையில் கோடு போடுவதற்கு முன்பே தாள்களின் பட்டியலை எழுதிவிடுங்கள். ஒவ்வொரு தொடரிலும் நாலைந்து எண்களைக் காலியாக விடுங்கள், நிச்சயம் தேவைப்படும்.