திருக்கை முள்

ஓர் உயிரைக் கொடியது என்று கூறி ஒதுக்குதல் எளிது. அதன் இயல்பை அறிந்து ஒழுகுதல் அரிது. கடல்வாழ் உயிர்களுள் திருக்கை மீன் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அதன் வாலில் நஞ்சுடைய முள் உண்டு. அதுகொண்டு, அம்மீன் மனிதரைத் தேடிவந்து தாக்கும் என்று பலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருந்தாது. மனிதர் அதனை அறியாது மிதிப்பதாலும், கருதாது கையாளுவதாலுமே பெரும்பாலான துன்பங்கள் விளைகின்றன.

திருக்கை, சுறாவுக்கு உறவான மீன். எலும்பின்றிக் குருத்தெலும்பால் அமைந்த உடலையுடையது. அவ்வுடல் தட்டுப்போலப் பரந்தது. கண்கள் மேற்புறத்தும் வாய் அடிப்புறத்தும் அமைந்துள்ளன. ஆழமில்லாத கரையோர நீரில், மணலைத் தன்மேல் வாரியிட்டுக்கொண்டு அசையாது கிடத்தல் அதன் வழக்கம். நண்டு, சிப்பி, புழு முதலியன அதன் உணவு. இரையைக் கொல்லுதற்கு அது முள்ளைப் பயன்படுத்துவதில்லை. முள் தற்காப்பின் பொருட்டே அமைந்தது. அதன் இருபுறமும் அரத்தின் பற்கள் போன்ற கூர்கள் பின்னோக்கி நிற்கும். அதனை மெல்லிய தோலுறை போர்த்திருக்கும். மிதியுண்ட மீன் வாலை மேல்நோக்கி வீசும். முள் தைத்ததும் உறை கிழிந்து நஞ்சு புண்ணிற் கலக்கும்.

இதனால் உயிரிழப்பு நேர்தல் அரிது. எனினும் நேர்தல் உண்டு. வனவிலங்குகளைப் பற்றிய படங்களால் உலகறிந்த ஸ்டீவ் இர்வின், 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் படம்பிடிக்கும் பணியில் இருந்தபோது, ஒரு பெரிய திருக்கையின் முள் மார்பில் தைத்து இறந்தார். அதனையடுத்துச் சில நாட்களில், வால் வெட்டப்பட்ட திருக்கைகள் அந்நாட்டுக் கரைகளில் இறந்து கிடக்கக் காணப்பட்டன. சினத்தால் அவற்றைக் கொன்றவர் எவராயினும், அதனால் எவருக்கேனும் பாதுகாப்பு விளைந்ததோ? இல்லை. திருக்கை குட்டியீனும் இனம். ஈனும் குட்டிகளும் சிலவே. சுறா, திருக்கை இனங்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவை அழியும் நிலையை எய்தியுள்ளன என்று 2021-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆதலின், அழித்தல் வழியன்று, அறிதலே வழி.

அவ்வறிவு எளியது. ஆழமில்லாத நீரில் நடப்போர் காலைத் தூக்கித் தூக்கி வைத்தலாகாது. அடியை மணலோடு உராய்த்து இழுத்து நடத்தல் வேண்டும். அவ்வதிர்வை உணர்ந்த திருக்கை தானே விலகிச் செல்லும். நீருக்குள் காணும் திருக்கையின் மேலாக நீந்துதலும், அது செல்லும் வழியை மறித்தலும் தகா. வலையிற் சிக்கியதை வெறுங்கையாற் பற்றுதல் கூடாது. இறந்துவிட்டது என்று எண்ணி வாலைத் தொடுதலும் பிழையே. உயிர் நீங்கிய பின்னும் முள்ளில் நஞ்சு தங்கியிருக்கும்.

முள் தைத்தவரை முதலில் கரைசேர்த்தல் வேண்டும். குருதி பெருகுமாயின் தூய துணியால் அழுத்திப் பிடித்தல் வேண்டும். பின்னர்ப் புண்பட்ட கையையோ காலையோ, பொறுக்கத்தக்க சூடுடைய நீரில் 30 முதல் 90 நிமிடம்வரை அமிழ்த்தி வைக்கலாம். நஞ்சிலுள்ள புரதங்கள் வெம்மையாற் சிதையும், வலியும் தணியும். நீரின் சூடு 45 பாகை செல்சியஸுக்கு மேற்படலாகாது. வலியால் வருந்துவோர் சூட்டின் அளவை உணரார். ஆதலின் அருகிலிருப்பவர் தம் கையால் அதனைச் சோதித்தறிதல் நன்று. புண்ணைக் கீறுதலும் வாயால் உறிஞ்சுதலும் தீமையே பயக்கும். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ தைத்த முள்ளைப் பிடுங்குதல் ஒருபோதும் ஆகாது. பிடுங்கினால் குருதி பெருகி உயிர்க்கு இறுதி நேரலாம். முள்ளை அவ்வாறே அசையாது வைத்து, விரைந்து மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். சிறிய புண்ணாயினும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். முள்ளின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம். ரணஜன்னி என்னும் இசிவு நோயும் தோன்றலாம்.

பழவேற்காடு முதல் கன்னியாகுமரி வரை, கடலை நம்பி வாழும் ஊர்கள் பல. ஆங்குள்ள சிறுவர்க்கு நீச்சலைப் போலவே இவ்வறிவும் இன்றியமையாதது. ஒரு பானை வெந்நீரின் பயனை அறிந்த பிள்ளை, தன் தந்தையின் துயரைத் தணிக்கவல்லது. அச்சம் மனிதரைக் கடலினின்று விலக்கும். அறியாமை அவரை முள்ளின்மேல் நடத்தும். அறிவோ அவரையும் காக்கும், திருக்கையையும் காக்கும்.