ஏ.சி. எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

பிரான்சில் குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் 'பொம்ப் அ ஷலேர்' இயந்திரமும் புதுச்சேரியில் நம் வீட்டு ஏ.சி.யும் ஒரே ஜாதிதான். வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இறைப்பதே இரண்டுக்கும் வேலை. ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 5 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். அதற்கு ஆகும் மின்சாரமோ சுமார் ஒன்றரை யூனிட். இன்வெர்ட்டர் வகையானால், அறை குளிர்ந்தபின் இதுவும் குறையும்.

ஸ்டிக்கரில் உள்ள கணக்கு ஆண்டுக்கு 1600 மணி நேரத்துக்கானது. நம் கணக்கை நாமே போட வேண்டும். படுக்குமுன் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள்; காலையில் மறுபடி பாருங்கள். ஏ.சி. போடாத இரவிலும் இப்படியே செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏ.சி. செலவு.

பில்லுக்குப் பயந்து அக்னி நட்சத்திரத்தில் வெந்து கிடக்கும் பென்ஷன்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் கணக்கு, பிறகு பயம். வயதான உடம்புக்கு வெக்கை ஆபத்து.