கேள்வி தவறானால் கணினி சொல்லாது



உங்கள் அறிவியல் பாடநூலில் உள்ள அட்டவணைகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்தாறு வரிகள்தாம் இருக்கும். எந்த எண்ணும் விடுபட்டிருக்காது. அலகு தலைப்பிலேயே இருக்கும். கூட்டி வகுத்தால் சராசரி கிடைத்துவிடும். ஆனால், அறிவியலாளர்களின் கைக்கு வரும் தரவு இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை.

அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் உலகெங்கும் உள்ள 9,000க்கும் மேற்பட்ட வானிலை நிலையங்களின் அன்றாடப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டுள்ளது. 1929ஆம் ஆண்டில் தொடங்கும் இத்தொகுப்பில் கோடிக்கணக்கான வரிகள் உள்ளன. நம் சுபாங்கும் சிங்கப்பூரின் சாங்கியும் இதில் உண்டு. ஓர் எக்செல் தாளில் 1,048,576 வரிகளுக்கு மேல் இடமில்லை. எனவே, முழுத் தொகுப்பையும் அதில் திறக்க முடியாது.

கூகுளின் பிக்குவெரி போன்ற சேவைகள் இதற்கு வழி செய்கின்றன. தரவு தொலைவில் உள்ள கணினிகளில் இருக்கும். நாம் இணைய உலாவியில் திறக்கும் ஒரு பெட்டியில் கேள்வியைத் தட்டச்சு செய்தால் போதும். வேலை பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். சில நொடிகளில் விடை திரைக்கு வந்துவிடும். கேள்வி கேட்கும் மொழியின் பெயர் எஸ்கியூஎல். 1974இல் ஐபிஎம் ஆய்வாளர்களான டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அறிமுகப்படுத்திய மொழி இது. எதைக் காட்ட வேண்டும், எந்த அட்டவணையிலிருந்து, எந்த நிபந்தனையின்படி என்று மூன்றையும் எழுதத் தெரிந்தால் முதல் கேள்வியைக் கேட்டுவிடலாம்.

அந்தப் பெட்டி கெட்டிக்காரப் பெட்டிதான். ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் பிழை என்று சொல்லிவிடும். உங்கள் கேள்விக்காக எவ்வளவு தரவைப் படிக்க வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே காட்டும். ஆனால், கேள்வியின் பொருள் சரியா என்று மட்டும் அது பார்ப்பதில்லை.

இந்த வானிலைத் தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். இதில் வெப்பநிலை பாரன்ஹீட்டில் உள்ளது. ஒரு நாளின் அளவீடு கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடாமல் 9999.9 என்று குறித்திருப்பார்கள். நெடுவரிசையின் விளக்கத்தைப் படித்தவருக்கு அது ‘பதிவு இல்லை’ என்பதன் அடையாளம். கணினிக்கோ அதுவும் ஓர் எண்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஓர் ஊரின் அதிகபட்ச வெப்பநிலை தினமும் 90 பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 32.2 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் ஒரே ஒரு நாள் 9999.9 என்று இருந்தால், சராசரி 47 பாகைக்கு மேல் போய்விடும். இது தவறு என்று யாருக்கும் தெரியும். ஆனால், பத்தாண்டுகளின் 3,650 வரிகளில் ஒரே ஒரு நாள் அப்படி இருந்தால்? சராசரி சுமார் 1.5 பாகை செல்சியஸ் மட்டுமே கூடும். 33.7 பாகை என்று வரும் விடையை யார் சந்தேகிப்பார்கள்? 2015ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்தில் புவி வெப்பமடைதலைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் இலக்காகக் குறிப்பிட்ட அளவும் அதே 1.5 பாகைதான். நடக்காத வெப்ப உயர்வை ஒரே ஒரு விடுபட்ட நாள் ‘நிரூபித்து’விடும்.

மழையிலும் இதே கதைதான். அங்கே விடுபட்ட நாளின் குறியீடு 99.99 அங்குலம். மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 2,540. கோலாலம்பூரில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறத்தாழ அவ்வளவுதான்.

“கேள்வியை ஏஐ எழுதித் தந்துவிடுமே, நான் ஏன் கற்க வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். இலக்கணப் பிழையில்லாத கட்டளையை அது எழுதித் தரும், உண்மை. ஆனால், விடுபட்ட நாள்களை அது நீக்கியிருக்கிறதா என்று பார்க்க, அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்பது முதலில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே என் கருத்து இதுதான்: தரவை வினவுவதைக் கணினி வகுப்புக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. அது அறிவியல் ஆய்வுக்கூடத்துப் பயிற்சியாகவும் ஆக வேண்டும். மைக்ரோமீட்டரைப் பயன்படுத்துமுன் சுழிப் பிழை உண்டா என்று பார்க்கிறோம் அல்லவா? அதுபோலவே, சராசரி கேட்குமுன் மூன்றைக் கேட்டுப் பழகுங்கள். மொத்தம் எத்தனை வரிகள்? மிகக் குறைந்த மதிப்பு எது? மிக உயர்ந்த மதிப்பு எது? மூன்றாவது கேள்விக்கே 9999.9 கண்முன் வந்து நின்றுவிடும். பிறகு அதை நீக்க ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும்.

பிக்குவெரியில் மாதம் ஒரு டெராபைட் வரை தரவைக் கட்டணமின்றி வினவலாம். ஆனால், நீங்களாகக் கணக்குத் திறக்க வேண்டாம். ஆசிரியருடனோ பெற்றோருடனோ சேர்ந்து செய்யுங்கள். முதல் முயற்சியாக, சுபாங்கில் நீங்கள் பிறந்த ஆண்டின் சராசரி வெப்பநிலையைக் கண்டுபிடியுங்கள். விடை வந்ததும் அதை நண்பர்களுக்கு அனுப்புவதற்கு முன், எத்தனை நாள்களின் பதிவிலிருந்து அது வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.