கடலையின் பூர்வீகம் தெரிந்தது. விதை எப்போது கிடைக்கும்?

வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை என்று ஊருக்கு ஒரு பெயரில் நாம் அழைக்கும் நிலக்கடலை, தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். சாகுபடியில் உள்ள நிலக்கடலையின் மரபணு வரைபடம் 2019-ல் வெளியானது. ஐதராபாத் அருகே படான்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனமும் இந்தப் பணியில் பங்கேற்றது. இதனால் நம் விவசாயிக்கு என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது.

நிலக்கடலைக்குத் தாய், தந்தை இரண்டுமே காட்டுச்செடிகள். ஒவ்வொன்றிலும் 20 குரோமோசோம்கள். இரண்டில் ஒன்று, பொலிவியாவில் ஒரே ஓர் இடத்தில் மட்டுமே கண்டறியப்பட்டது. மண்ணுக்குள் காய்க்கும் செடி தானாக வெகுதூரம் பரவாது. ஆகவே, சுமார் 9,400 ஆண்டுகளுக்கு முன் மனிதர்களே அதன் விதையை எடுத்துச் சென்றிருக்க வேண்டும் என 2016-ல் வெளியான ஆய்வு கணித்தது. அப்படிச் சென்ற இடத்தில் இரு செடிகளும் கலந்தன. குரோமோசோம்கள் இரட்டித்து, 40 குரோமோசோம் கொண்ட நம் கடலை உருவானது.

அதன் பலவீனமும் அன்றே தொடங்கிவிட்டது. குரோமோசோம் எண்ணிக்கை மாறியதால், காட்டு உறவுகளுடன் இயல்பாகக் கலக்கும் வழி அடைபட்டது. நோயைத் தாங்கும் குணங்கள் பல காட்டிலேயே தங்கிவிட்டன. துரு நோயும் பின்பருவ இலைப்புள்ளியும் வந்தால் இலை கருகிக் கொட்டி, காய் திரளாமல் போவதை நம் விவசாயிகள் நன்கு அறிவார்கள்.

அடைபட்ட வழியை விஞ்ஞானிகள் திறந்திருக்கிறார்கள். பொலிவியாவின் இன்னொரு காட்டு இனமான அராக்கிஸ் கார்டனாசியின் எதிர்ப்புக் குணம், தார்வாட்டில் உருவான ஜி.பி.பி.டி. 4 ரகத்தில் உள்ளது. அங்கிருந்து ஜே.எல். 24, டி.ஏ.ஜி. 24 போன்ற ரகங்களுக்குத் துரு எதிர்ப்பை மரபணு அடையாளங்களின் துணையுடன் இக்ரிசாட் மாற்றியது. இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல, வழக்கமான ஒட்டுச்சேர்க்கைதான். எந்த நாற்றில் வேண்டிய குணம் இருக்கிறது என்பதை இலையைச் சோதித்தே அறிய முடிவதால், காலம் மிச்சமாகிறது. எண்ணெய் எளிதில் சிக்கு வாடை பிடிக்காத, ஒலியிக் அமிலம் மிகுந்த கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்களும் 2020-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

ஆனால், ஆய்வகத்தின் வேகம் வயலில் இல்லை. திண்டிவனத்தில் உருவாகி 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 ரகம் பல பத்தாண்டுகள் தென்னிந்திய வயல்களை ஆண்டது. அதன் சிறப்பு மறுக்க முடியாதது. இருந்தாலும், பழைய ரகங்கள் நீடிப்பதற்கு அவற்றின் சிறப்பு மட்டும் காரணமல்ல. புதிய ரகத்தின் விதை கைக்கு எட்டாததும் காரணம்.

கடலையில் விதைப் பெருக்கம் மிகக் குறைவு. ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு தேவை. ஓர் ஏக்கரில் எடுக்கும் விதை ஏறத்தாழ பத்து ஏக்கருக்குத்தான் வரும். நெல்லில் அது பல மடங்கு. கடலை விதையின் முளைப்புத்திறனும் விரைவில் குறையும். உடைத்து வைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும். லாபம் குறைவு என்பதால் தனியார் விதை நிறுவனங்கள் இதில் அதிக ஆர்வம் காட்டுவதில்லை. எனவே பொறுப்பு அரசின் தோளில்தான் விழுகிறது.

வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்ற சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பல ஆண்டு ஆராய்ச்சி வீணாகும். நோய் எதிர்ப்புள்ள புதிய ரகங்களுக்கு வல்லுநர் விதை ஒதுக்கீட்டில் முன்னுரிமை வேண்டும். கடலை அதிகம் பயிராகும் வட்டாரங்களில் விவசாயிகளையே விதை உற்பத்தியாளர்களாக்கி, காயாகச் சேமிக்கக் கிடங்கும், சந்தை விலைக்கு மேல் கொள்முதல் விலையும் தர வேண்டும். பட்டம் தவறிய பின் வரும் விதையால் பயனில்லை.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், யாரோ ஒருவர் விதையைச் சுமந்து சென்றதால் கடலை பிறந்தது. இன்று அதை ஆய்வு நிலையத்திலிருந்து விவசாயியின் வயலுக்குச் சுமந்து செல்ல வேண்டியது அரசின் கடமை.