அடுப்படிப் பக்கம்: இஞ்சி பீரும் மலைக் குளிரும்



சென்ற தீபாவளிக்குத் திரிங்காப்பில் ஏழு கண்ணாடிப் புட்டிகளில் இஞ்சி பீர் செய்தேன். நான்கு நாள் கழித்து ஒன்றைத் திறந்தால் நுரையே இல்லை. சீனிப்பாகு போல் சப்பென்று இருந்தது. ‘நம் கைக்கு இவ்வளவுதான் வரும்’ என்று நினைத்து, மீதி ஆறையும் ஈப்போவிலுள்ள அக்காள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மறுநாள் மதியம் அலமாரியில் பட்டாசு வெடித்தாற்போல் சத்தம்! இரண்டு புட்டிகள் நொறுங்கிக் கிடந்தன. ஐந்து நிமிடத்துக்கு முன்னர் அக்காளின் பேரன் அங்கேதான் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை.

பிழை எங்கே? ஈஸ்ட் என்பது உயிருள்ள பொருள். சீனியைத் தின்று வாயுவை விடுகிறது. அந்த வாயுதான் நுரை. நம் மலைக் குளிரில் அது அரைத் தூக்கத்தில் இருக்கும். சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கி ஈப்போ வெயிலைக் கண்டதும் விழித்துக்கொள்ளும். சீனியோ மிச்சம், வாயு போக வழியில்லை. சுவையைக் கெடுத்ததும் புட்டியை வெடித்ததும் ஒரே அவசரம்தான்.

இஞ்சி பீரை முதன்முதலில் நுணுகி ஆராய்ந்தவர்களுள் ஒருவர் மார்ஷல் வார்டு என்னும் ஆங்கிலேயர். 1880 முதல் 1882 வரை இலங்கையில் காப்பிச் செடியின் இலை நோயை ஆராய்ந்தவரும் இவரே. அந்த நோயால் காப்பி அழிந்தபின்தான் அங்கே தேயிலை பெருகியது. ஈஸ்டும் ஒரு நுண்ணுயிரும் கூடி வாழ்ந்தே பழைய இஞ்சி பீர் உண்டாகிறது என்று அவர் 1892-இல் எழுதினார்.

இனிச் செய்முறை. இரண்டு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் இஞ்சி, 200 கிராம் சீனி, இரண்டு எலுமிச்சம்பழம். நம் பகாங்கின் பெந்தோங் இஞ்சி கிடைத்தால் காரமும் மணமும் தூக்கலாக இருக்கும். இஞ்சியைத் துருவிச் சீனியோடு கால் மணி நேரம் கொதிக்க வையுங்கள். மீதித் தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆற்றிச் சேருங்கள்; குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடை போய்விடும். கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு வந்ததும் வடிகட்டி, எலுமிச்சைச் சாற்றோடு கால் தேக்கரண்டி ரொட்டி ஈஸ்ட் சேருங்கள். சூட்டோடு போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். அதிகம் போட்டால் ரொட்டி மாவு வாடை அடிக்கும்.

பாத்திரம், புனல், புட்டி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசுங்கள். வேண்டாத புளிப்பு பெரும்பாலும் அழுக்குப் பாத்திரத்திலிருந்துதான் வருகிறது.

கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம். சோடா வந்த பிளாஸ்டிக் புட்டியில், மேலே நான்கு விரற்கடை இடம் விட்டு ஊற்றுங்கள். நாளைக் கணக்கிடாமல் புட்டியை அழுத்திப் பாருங்கள். கல்லுப்போல் இறுகிவிட்டால் ஆயிற்று. பட்டணத்தில் ஓரிரு நாளிலேயே இறுகும். இங்கே அதைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும். இறுகியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாளில் குடித்துவிடுங்கள். அடியில் தங்கிய வண்டலைக் கலக்காமல் ஊற்றினால் சுவை தெளிவாக இருக்கும். வெளியூருக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இன்னொன்று. இதில் சிறிதளவு மது உண்டாகத்தான் செய்யும். நாள் ஆக ஆக அது கூடும். ஆகவே பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈஸ்ட் சேர்க்காத இஞ்சிப் பாகில் சோடா கலந்து கொடுங்கள். பெருநாள் பலகாரத் தட்டோடு முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு இதை நீட்டிவிடாதீர்கள். அவர்களுக்கும் அந்தச் சோடாவே ஏற்றது.

இந்தத் தீபாவளிக்கு அக்காள் வீட்டில் வைத்தே செய்யப் போகிறேன். பேரன்தான் புட்டியை அழுத்திப் பார்ப்பானாம். அவனுக்குக் குடிக்க மட்டும் சோடா!