பட்டம் பறித்தவர் யார்?

விளையாட்டில் மதமும் அரசியலும் கலக்கலாகாது என்று நமக்கு உபதேசிப்போர் பலர். முஹம்மது அலியின் வரலாற்றில் அவற்றைக் கலந்தவர் யாரென்று அவர்கள் சொல்லட்டும்.

ஏற்காட்டுக் கோடை விழாப் படகுப் போட்டியில் வென்றவரைக்கூட அவர் சொன்ன பெயரால் அழைத்துத்தானே பரிசளிக்கிறோம்! 1964இல் சோனி லிஸ்டனை வென்று உலகப் பட்டம் பெற்ற இளைஞர், தம் பெயர் இனி முஹம்மது அலி என்றார். அமெரிக்கப் பத்திரிகைகள் பல ஆண்டுக்கணக்கில் பழைய பெயரையே அச்சிட்டன. எர்னி டெரலும் அப்படியே அழைத்தார். 1967 பிப்ரவரியில் தம் பெயரைக் கேட்டுக் கேட்டு அவரை அடித்தார் அலி. (அந்த அடியின் கொடுமையைப் புகழ நான் வரவில்லை.)

அவ்வாண்டு ஏப்ரல் 28இல், வியத்நாம் போர் நடந்த அந்நாளில், படையில் சேர ஹூஸ்டனில் மறுத்தார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது ஜூன் 20இல்தான். நியூயார்க் ஆணையமோ மறுத்த அன்றே உரிமத்தை நிறுத்திற்று, பட்டமும் பறிபோயிற்று. விசாரணைக்கு முன்பே தண்டனை! இதுவா அரசியல் கலவாத விளையாட்டு? இருபத்தைந்து வயது வீரர் மூன்றரை ஆண்டுகள் கோதா ஏறவில்லை. 1971 ஜூன் 28இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை நீக்கிற்று. போன ஆண்டுகளை யார் தருவார்?

பறித்த பட்டங்களுள் ஒன்றை 1968இல் பெற்றவர் ஜிம்மி எல்லிஸ். அவருடன் 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் அலி காட்சிப் போட்டி ஆடினார். அன்று நம் மக்கள் திரண்டு கண்டது, அவ்வாண்டுகள் போக எஞ்சிய அலியைத்தான்.